ட்ரம்ப்பை எதிர்க்கத் தயங்குகிறதா ஜனநாயகக் கட்சி? சொந்த ஆதரவாளர்களே கொந்தளிப்பது ஏன்? முழு விளக்கம்!

2025 மார்ச் 4 இரவு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கூட்டுக் கூட்டத்தில் அதிபர் டொனால்ட் ட்ரம்ப் பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே எதிர்வரிசையில் இருந்து ஒருவர் எழுந்தார். டெக்சாஸைச் சேர்ந்த 77 வயது ஜனநாயகக் கட்சி எம்.பி. அல் கிரீன். கையில் இருந்த ஊன்றுகோலை ஆட்டியபடி, ஏழைகளுக்கான 'மெடிகெய்ட்' மருத்துவத் திட்டத்தில் கைவைக்க மக்கள் உங்களுக்கு ஆணை தரவில்லை என்று குரல் எழுப்பினார். சபாநாயகர் மைக் ஜான்சன் உத்தரவிட, அவர் அவையில் இருந்து வெளியேற்றப்பட்டார்.

அவருடைய கட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? பலர் உட்கார்ந்த இடத்தில் இருந்தே, கைப்பிடி வைத்த சின்னச் சின்ன கருப்பு அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். 'பொய்', 'மெடிகெய்ட்டைக் காப்பாற்று' என்று அவற்றில் எழுதியிருந்தது. இரண்டு நாள் கழித்து, அல் கிரீனைக் கண்டிக்கும் தீர்மானம் 224-198 என்ற கணக்கில் நிறைவேறியது. ஆதரவாக வாக்களித்தவர்களில் 10 பேர் அவருடைய சொந்தக் கட்சியினர்!

அந்த ஒரு வாரத்தில் ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களிடம் எழுந்த கேள்வி, அந்த ஆண்டு முழுக்க அடங்கவே இல்லை. 'நாட்டில் சர்வாதிகாரம் தலைதூக்குகிறது என்று மேடைக்கு மேடை சொல்லும் நம் கட்சி, அதைத் தடுக்க என்ன செய்கிறது?' என்பதுதான் அந்தக் கேள்வி.

கோபப்படுவது யார், கட்சித் தலைமை என்ன சொல்கிறது, இரு தரப்பில் யார் பக்கம் நியாயம்? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் கணக்கைப் பார்த்துடலாம்

2024 நவம்பர் அதிபர் தேர்தலில் ட்ரம்ப் 312 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார். கமலா ஹாரிஸுக்குக் கிடைத்தது 226. செனட் சபையில் குடியரசுக் கட்சிக்கு 53, ஜனநாயகக் கட்சி அணிக்கு 47 இடங்கள். இந்த 47-ல் பெர்னி சாண்டர்ஸ், ஆங்கஸ் கிங் என்ற இரண்டு சுயேச்சைகளும் அடக்கம். பிரதிநிதிகள் சபையில் 220-க்கு 215.

அதாவது வெள்ளை மாளிகை, செனட், பிரதிநிதிகள் சபை மூன்றும் குடியரசுக் கட்சி கையில். உச்ச நீதிமன்றத்திலும் 9 நீதிபதிகளில் 6 பேர் குடியரசுக் கட்சி அதிபர்களால் நியமிக்கப்பட்டவர்கள். எதிர்க்கட்சிக்கு மிச்சம் இருப்பது மாகாண அரசுகள், வழக்குகள், தெருப் போராட்டம். இவை தவிர, செனட்டில் ஒரே ஒரு முக்கியமான ஆயுதம். அது என்ன என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

'சர்வாதிகாரம்' என்று ஏன் சொல்கிறார்கள்?

ட்ரம்ப்பின் இரண்டாவது ஆட்சியில் நடந்த சில விஷயங்களை விமர்சகர்கள் வரிசையாக அடுக்குகிறார்கள்.

* பதவியேற்ற முதல் நாளே, 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதல் வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்குப் பொது மன்னிப்பு.

* நாடாளுமன்றம் நிதி ஒதுக்கிய யுஎஸ்எய்ட் அமைப்பை, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே கலைத்தது. எலான் மஸ்க் முன்னின்று நடத்திய 'டாஜ்' பிரிவு அரசு ஊழியர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றியது.

* 1798-ம் ஆண்டின் போர்க்காலச் சட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, 100-க்கும் மேற்பட்டவர்களை எல் சால்வடோர் நாட்டின் பெரும் சிறைக்கு அனுப்பியது.

* ட்ரம்ப்புக்கு வேண்டாதவர்களுக்காக வாதாடிய சட்ட நிறுவனங்கள் மீது தண்டனை உத்தரவுகள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கான 200 கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதி நிறுத்தம்.

* கலிபோர்னியா ஆளுநர் கேவின் நியூசமின் எதிர்ப்பை மீறி, 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்குத் தேசியக் காவல் படையையும் கடற்படைப் பிரிவு வீரர்களையும் அனுப்பியது.

அரசியல் அறிஞர்கள் ஸ்டீவன் லெவிட்ஸ்கியும் லூகன் வேயும் இதற்கு 'போட்டி சர்வாதிகாரம்' என்று பெயர் சொல்கிறார்கள். தேர்தல் நடக்கும், எதிர்க்கட்சி இருக்கும், பத்திரிகை வரும். ஆனால் அரசு இயந்திரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்க்கப்பட்டிருக்கும் என்பது இதன் பொருள்.

வெள்ளை மாளிகை இதை முற்றிலுமாக மறுக்கிறது. மக்கள் வாக்களித்துக் கொடுத்த ஆணையைத்தான் நிறைவேற்றுகிறோம், தான் ஒன்றும் மன்னர் இல்லை என்பது ட்ரம்ப்பின் பதில். மேலே சொன்ன பல நடவடிக்கைகள் நீதிமன்றங்களில் சவாலுக்கு உள்ளாயின. சிலவற்றுக்குத் தடை கிடைத்தது, சிலவற்றை உச்ச நீதிமன்றம் தொடர அனுமதித்தது.

தொடக்கத்திலேயே வந்த நெருடல்

ஆட்சி மாறிய முதல் வாரங்களில் ஜனநாயகக் கட்சி கொஞ்சம் மென்மையாகவே நடந்துகொண்டது. வெளியுறவு அமைச்சராக மார்கோ ரூபியோவுக்கு செனட் ஒப்புதல் அளித்தபோது வாக்கு 99-0. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. திருட்டு போன்ற குற்றச்சாட்டுக்கு உள்ளான, ஆவணமற்ற குடியேறிகளைக் காவலில் வைக்க வழிசெய்யும் 'லேக்கன் ரைலி' சட்டம் வந்தபோது, செனட்டில் 12 ஜனநாயகக் கட்சியினர் ஆதரித்தார்கள். இரண்டாவது ஆட்சியில் ட்ரம்ப் கையெழுத்திட்ட முதல் சட்டம் இதுதான்.

பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹக்கீம் ஜெஃப்ரிஸ், மூன்று இடத்திலும் அவர்கள் கையில் அதிகாரம் இருக்கும்போது நம்மிடம் என்ன பிடிமானம் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். கணக்குப்படி அது உண்மைதான். ஆனால் தொண்டர்கள் காதில் அது 'எங்களால் ஒண்ணும் பண்ண முடியாது' என்றே விழுந்தது.

அதே மாதம், கட்சியின் மூத்த தேர்தல் வியூக வல்லுநர் ஜேம்ஸ் கார்வில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். செத்தவன்போல் அசையாமல் கிடங்கள், குடியரசுக் கட்சி தன் பாரத்திலேயே சரியும் என்பது அவர் சொன்ன யோசனை. பொறுமையாக இருப்பதையே ஒரு வியூகமாக அவர் பார்த்தார். வேலை பறிபோன அரசு ஊழியருக்கும், நாடு கடத்தப்படுவோமோ என்று பயந்து கிடந்த குடும்பத்துக்கும் அது எப்படிக் கேட்டிருக்கும்?

மார்ச் 14: எரிமலை வெடித்த நாள்

இப்போது அந்த ஒரே ஆயுதத்துக்கு வருவோம். அதன் பெயர் 'ஃபிலிபஸ்டர்'.

அமெரிக்க செனட்டில் பெரும்பாலான மசோதாக்கள் மீதான விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக 100-ல் 60 பேர் ஆதரவு வேண்டும். குடியரசுக் கட்சியிடம் இருப்பது 53 மட்டுமே. அதனால் அரசு செலவுக்கான நிதி மசோதா நிறைவேற, எதிர்க்கட்சியின் கை தேவை. அந்தக் கை கிடைக்காவிட்டால் அரசு முடங்கும். இதைத்தான் 'ஷட் டவுன்' என்கிறார்கள்.

2025 மார்ச் 14 நள்ளிரவோடு அரசின் நிதி தீர இருந்தது. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சி கொண்டுவந்த இடைக்கால நிதி மசோதாவை, ஒரே ஒருவரைத் தவிர மொத்த ஜனநாயகக் கட்சியும் எதிர்த்து வாக்களித்திருந்தது. செனட்டிலும் அதே உறுதி இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

அங்கேதான் ட்விஸ்ட். செனட் ஜனநாயகக் கட்சித் தலைவர் சக் ஷூமர், முந்தைய நாள் மாலை மசோதாவுக்கு வழிவிடப் போவதாக அறிவித்தார். மார்ச் 14 அன்று 62-38 என்ற கணக்கில் விவாதம் முடித்துவைக்கப்பட்டது. ஷூமர் உட்பட ஜனநாயகக் கட்சி அணியைச் சேர்ந்த 10 பேர் குடியரசுக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள்.

அடுத்து நடந்தது பெரும் கொந்தளிப்பு. ஏஓசி என்று அழைக்கப்படும் எம்.பி. அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ், இது பெரிய துரோகமாக உணரப்படுகிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். நாடு முழுக்கக் கிளைகள் கொண்ட 'இன்டிவிசிபிள்' என்ற முற்போக்கு அமைப்பு, ஷூமர் தலைவர் பதவியை விட்டு விலக வேண்டும் என்று கேட்டது. யூத வெறுப்பு பற்றி ஷூமர் எழுதிய புத்தகத்துக்காக ஏற்பாடு செய்திருந்த பயணம், பாதுகாப்புக் காரணம் சொல்லி ஒத்திவைக்கப்பட்டது.

ஷூமர் தரப்பு வாதம் என்ன?

ஷூமரின் விளக்கத்தை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. அரசு முடங்கினால், எந்தத் துறை 'அத்தியாவசியம்', எது தேவையில்லை என்று முடிவு செய்யும் அதிகாரம் முழுக்க அதிபரிடம் போகும். மஸ்க்கும் அவரது குழுவும் ஊழியர்களை வெளியேற்றிக்கொண்டிருந்த நேரம் அது. முடக்கம் அவர்களுக்கு இன்னும் வசதியாகிவிடும், முடக்கத்தில் இருந்து வெளியே வர வழியும் இருக்காது என்பது அவர் வாதம். மசோதா மோசம்தான், ஆனால் முடக்கம் அதைவிட மோசம் என்றார்.

எதிர்த்தரப்பு கேட்டது வேறு. 'வழிவிட்டதற்குப் பதிலாக என்ன வாங்கினீர்கள்?' என்பதுதான் அவர்கள் கேள்வி. ஒரு வாக்குறுதியோ, ஒரு திருத்தமோகூட கிடைக்கவில்லை. கையில் இருந்த ஒரே சீட்டை ஆட்டத்தில் இறக்காமலேயே கீழே வைத்துவிட்டார் என்பதே கோபத்தின் மையம்.

எண்கள் சொல்லும் கதை

இது ஏதோ நாலு பேர் போடும் சத்தம் என்று ஒதுக்க முடியாத அளவுக்குக் கருத்துக்கணிப்புகள் வந்தன. அதே மார்ச்சில் சிஎன்என் கணிப்பில் ஜனநாயகக் கட்சியை நல்ல விதமாகப் பார்ப்பவர்கள் 29%. என்பிசி கணிப்பில் 27%. இரண்டுமே அந்தந்த நிறுவனங்களின் கணிப்பு வரலாற்றில் அக்கட்சிக்குக் கிடைத்த மிகக் குறைந்த அளவு.

இதைவிட முக்கியமான எண் ஒன்று உண்டு. 2017-ல், ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில், ஜனநாயகக் கட்சி ஆதரவாளர்களில் 74% பேர் குடியரசுக் கட்சியோடு பேசி வேலையை நடத்துங்கள் என்று சிஎன்என் கணிப்பில் சொல்லியிருந்தார்கள். 2025 மார்ச்சில் அது 42% ஆகக் குறைந்தது. குடியரசுக் கட்சியின் திட்டங்களைத் தடுப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும் என்றவர்கள் 57%.

அதாவது கட்சியின் மதிப்பு சரிந்ததில், சொந்த வீட்டுக்காரர்களின் கோபத்துக்கும் பெரிய பங்கு உண்டு. தோற்றதைவிட, சண்டை போடாமல் இருப்பதுதான் அவர்களை அதிகம் சுட்டது.

தலைமை தயங்கியபோது யார் இறங்கினார்கள்?

83 வயதான பெர்னி சாண்டர்ஸும் 35 வயதான ஏஓசியும் 'செல்வந்தர் ஆதிக்கத்தை எதிர்ப்போம்' என்ற முழக்கத்தோடு ஊர் ஊராகக் கிளம்பினார்கள். ஷூமரின் முடிவு வந்து ஒரு வாரம்தான். மார்ச் 21 அன்று கொலராடோவின் டென்வர் நகரில் 34,000-க்கும் மேற்பட்டோர் கூடினார்கள் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். ஏப்ரல் 12-ல் லாஸ் ஏஞ்சலீஸில் சுமார் 36,000 பேர். தேர்தலே இல்லாத நேரத்தில் இது பெரிய கூட்டம்.

மார்ச் 31 மாலை நியூஜெர்சி செனட்டர் கோரி புக்கர் செனட்டில் பேச எழுந்தார். உட்காரவில்லை, கழிவறைக்குப் போகவில்லை. 25 மணி 5 நிமிடம் பேசினார். 1957-ல் கறுப்பின மக்களின் உரிமைக்கான சட்டத்தை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசியதுதான் அதுவரை சாதனை. அதை ஒரு கறுப்பின செனட்டர் முறியடித்தார். அந்தப் பேச்சு எந்த மசோதாவையும் நிறுத்தவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் நேரலையில் பார்த்தார்கள். ஆதரவாளர்கள் எதற்கு ஏங்கினார்கள் என்பதை அது காட்டியது.

மேரிலாண்ட் செனட்டர் கிறிஸ் வான் ஹாலன் நேராக எல் சால்வடோருக்கே போனார். 'நிர்வாகத் தவறு' என்று அரசே ஒப்புக்கொண்ட பிறகும் திருப்பி அழைத்துவரப்படாத கில்மர் அப்ரேகோ கார்சியாவை அங்கே சந்தித்தார். ஜூன் 12-ல் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் கிறிஸ்டி நோமின் செய்தியாளர் சந்திப்பில் கேள்வி கேட்க முயன்ற கலிபோர்னியா செனட்டர் அலெக்ஸ் பாடியா வெளியே தள்ளப்பட்டு, கைவிலங்கிடப்பட்டார்.

சென்னையில் பிறந்த எம்.பி. பிரமிளா ஜெயபால், முற்போக்கு எம்.பி.க்கள் குழுவின் முன்னாள் தலைவர். அவர் 'ரெசிஸ்டன்ஸ் லேப்' என்ற பெயரில் அகிம்சைப் போராட்டப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்கினார்.

தெருவிலும் கூட்டம் பெருகியது. ஏப்ரல் 5-ல் 'கையை எடு' போராட்டம். ஜூன் 14-ல் 'மன்னர்கள் வேண்டாம்' போராட்டம். அக்டோபர் 18-ல் இரண்டாவது முறை நடந்தபோது 2,700-க்கும் மேற்பட்ட இடங்களில் சுமார் 70 லட்சம் பேர் கலந்துகொண்டதாக ஏற்பாட்டாளர்கள் கூறினார்கள். இவற்றை முன்னின்று நடத்தியவை குடிமக்கள் அமைப்புகள். கட்சித் தலைமை பின்னால்தான் வந்தது.

வயசு ஒரு பிரச்சினையா?

கோபத்தின் இன்னொரு முகம் தலைமுறைச் சண்டை.

2024 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையின் கண்காணிப்புக் குழுவில் கட்சியின் முதன்மை உறுப்பினர் பதவிக்கு ஏஓசி போட்டியிட்டார். அரசின் தவறுகளைத் தோண்டி எடுக்கும் முக்கியமான குழு அது. கட்சி எம்.பி.க்கள் 131-84 என்ற கணக்கில் 74 வயதான ஜெர்ரி கானலியைத் தேர்ந்தெடுத்தார்கள். தனக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருப்பதை அவர் அதற்கு முன்பே அறிவித்திருந்தார். 2025 மே 21-ல் அவர் காலமானார். அந்த ஆண்டில் இறந்த மூன்றாவது ஜனநாயகக் கட்சி எம்.பி. அவர்.

மறுநாளே, மெடிகெய்ட் வெட்டுகள் அடங்கிய ட்ரம்ப்பின் பெரிய பட்ஜெட் மசோதா 215-214 என்று ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. அந்த மூன்று பேரும் இருந்திருந்தால் மசோதா தோற்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குடியரசுக் கட்சியிலும் இரண்டு பேர் வாக்களிக்க வரவில்லை. ஆனாலும் இளைய ஆதரவாளர்கள் மனதில் அந்த எண் ஆணி அடித்தாற்போல் பதிந்தது.

25 வயது டேவிட் ஹாக் கதையும் இதோடு சேர்ந்தது. 2018 பார்க்லாண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் உயிர் தப்பியவர். 2025 பிப்ரவரியில் கட்சியின் தேசியக் குழுத் துணைத் தலைவர்களில் ஒருவராகத் தேர்வானார். பாதுகாப்பான தொகுதிகளில் செயலற்று இருக்கும் சொந்தக் கட்சி எம்.பி.க்களுக்கு எதிராக இளைஞர்களை நிறுத்த, தன் அமைப்பு மூலம் 2 கோடி டாலர் செலவிடப் போவதாக ஏப்ரலில் அறிவித்தார். கட்சிப் பொறுப்பில் இருப்பவர் கட்சிக்குள்ளேயே பக்கம் சாயலாமா என்று தலைமை கேட்டது. தேர்தல் நடைமுறை பற்றிய ஒரு புகாரின் பேரில், ஜூனில் அந்தப் பதவிக்கான தேர்தலையே மறுபடி நடத்த முடிவானது. மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்று ஹாக் ஒதுங்கினார்.

அதே ஜூனில், ஈரான் மீது நாடாளுமன்ற அனுமதி இல்லாமல் தாக்குதல் நடத்தியதற்காக ட்ரம்ப் மீது அல் கிரீன் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். அதைக் கிடப்பில் போடும் வாக்கெடுப்பு 344-79. கிடப்பில் போட வாக்களித்தவர்களில் 128 பேர் ஜனநாயகக் கட்சியினர். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத தீர்மானத்தில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது அவர்களில் பலரது நிலைப்பாடு.

காற்று திசை மாறியதா?

ஆகஸ்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. டெக்சாஸில் தொகுதி எல்லைகளை மாற்றி, குடியரசுக் கட்சிக்குக் கூடுதலாக 5 இடங்கள் கிடைக்க வழிசெய்யும் வரைபடம் வந்தது. அதைத் தடுக்க, 50-க்கும் மேற்பட்ட ஜனநாயகக் கட்சி மாகாண உறுப்பினர்கள் மாகாணத்தை விட்டே வெளியேறினார்கள். அவை நடத்தத் தேவையான எண்ணிக்கை இல்லாமல் சுமார் இரண்டு வாரம் வேலை நின்றது. கடைசியில் வரைபடம் நிறைவேறியது. ஆனால் அந்த அவகாசத்தில் கலிபோர்னியா தன் பதிலடியைத் தயாரித்தது. நவம்பர் 4-ல் கலிபோர்னியா வாக்காளர்கள் தங்கள் மாகாணத்தின் புதிய வரைபடத்துக்குப் பெரும் ஆதரவு கொடுத்தார்கள்.

அதே நாளில் நியூயார்க் மேயர் தேர்தலில் 34 வயதான ஸோரான் மம்தானி, பாதிக்கும் மேற்பட்ட வாக்குகளுடன் வென்றார். ஜூனில் நடந்த உட்கட்சித் தேர்தலில் முன்னாள் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்த ஜனநாயக சோசலிசவாதி அவர். நியூயார்க்கைச் சேர்ந்த ஜெஃப்ரிஸ், வாக்குப்பதிவு நெருங்கிய அக்டோபர் 24-ல்தான் ஆதரவு அறிவித்தார். அதே ஊர்க்காரரான ஷூமர் கடைசிவரை அறிவிக்கவே இல்லை.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அதே நாளில் வர்ஜீனியாவில் அபிகேல் ஸ்பான்பெர்கர், நியூஜெர்சியில் மிக்கி ஷெரில் ஆகியோர் ஆளுநர்களாகப் பெரிய வித்தியாசத்தில் வென்றார்கள். இருவரும் மிதவாதிகள். 'மக்கள் கேட்பது போராட்டத்தை, இடதுசாரிக் கொள்கையை அல்ல' என்று மிதவாதிகளும், 'மம்தானியைப் பாருங்கள்' என்று முற்போக்காளர்களும் ஒரே முடிவை இரண்டு விதமாகப் படித்தார்கள்.

43 நாள்: சண்டை போட்டும் கிடைத்தது என்ன?

மார்ச்சில் பட்ட சூடு அக்டோபரில் வேலை செய்தது. இந்த முறை ஷூமர் வழிவிடவில்லை. ஆண்டு முடிவில் காலாவதியாக இருந்த மருத்துவக் காப்பீட்டு மானியத்தை நீட்டித்தால்தான் ஆதரவு என்றது கட்சி. சுமார் 2.2 கோடி பேர் பயன்பெறும் மானியம் அது. அக்டோபர் 1-ல் அரசு முடங்கியது.

மொத்தம் 43 நாள். அதுவரையிலான அமெரிக்க வரலாற்றிலேயே மிக நீளமான முடக்கம். அதற்கு முந்தைய சாதனை, ட்ரம்ப்பின் முதல் ஆட்சியில் நடந்த 35 நாள் முடக்கம்.

ஆனால் இந்த ஆயுதத்துக்கு இரண்டு பக்கமும் கூர். லட்சக்கணக்கான அரசு ஊழியர்கள் சம்பளம் இல்லாமல் தவித்தார்கள். சுமார் 4.2 கோடி ஏழைகள் நம்பியிருக்கும் 'ஸ்நாப்' உணவு உதவி நவம்பரில் தடைபட்டது. உணவு வங்கிகளின் வாசலில் வரிசை நீண்டது. விமானக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் பற்றாக்குறையால் பெரிய விமான நிலையங்களில் விமானங்கள் குறைக்கப்பட்டன.

நவம்பர் 4 வெற்றிக்கு ஐந்தே நாளில், நவம்பர் 9 ஞாயிறு இரவு, ஜனநாயகக் கட்சி அணியைச் சேர்ந்த 8 செனட்டர்கள் குடியரசுக் கட்சியோடு சேர்ந்தார்கள். வாக்கு சரியாக 60-40. ஷூமர் எதிர்த்துத்தான் வாக்களித்தார். அந்த 8 பேரில் ஒருவர்கூட 2026 தேர்தலைச் சந்திக்கப் போகிறவர் இல்லை. இருவர் ஓய்வுபெறப் போகிறவர்கள்.

கிடைத்தது என்ன? முடக்கத்தின்போது நடந்த பணி நீக்கங்கள் ரத்து, 2026 செப்டம்பர் வரை ஸ்நாப் நிதிக்கு உறுதி, மானியம் குறித்து டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி. அந்த வாக்கெடுப்பு டிசம்பர் 11-ல் நடந்தது. 51 பேர் ஆதரித்தும் 60 இல்லாததால் மானிய நீட்டிப்பு தோற்றது.

வழிவிட்ட செனட்டர்களின் வாதம் எளிமையானது. குடியரசுக் கட்சி இறங்கி வரப் போவதில்லை, அதுவரை பசியோடு இருக்கப் போவது நம் மக்கள் என்றார்கள். விமர்சகர்களின் பதிலும் எளிமையானது. தேர்தலில் ஜெயித்து, கருத்துக்கணிப்பில் பழி எதிராளி மீது விழுந்துகொண்டிருந்த நேரத்தில் ஏன் எழுந்து போனீர்கள் என்று கேட்டார்கள்.

கட்சித் தலைமையை மாற்ற முடியாதா?

இந்தியாவில் கொறடா உத்தரவை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டப்படி எம்.பி. பதவியே போகலாம். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. தலைவர் ஒன்று சொல்ல, உறுப்பினர் வேறொன்று செய்வது அங்கே சாதாரணம். அதனால் அந்த 8 பேரின் பதவிக்கு எந்த ஆபத்தும் வரவில்லை.

ஷூமரை மாற்ற வேண்டும் என்று எம்.பி. ரோ கன்னா வெளிப்படையாகக் கேட்டார். ஆனால் செனட் தலைவரைத் தேர்ந்தெடுப்பது செனட்டர்கள் மட்டுமே. கன்னா இருப்பது பிரதிநிதிகள் சபையில், அவருக்கு அதில் வாக்கு இல்லை. ஷூமரின் செனட் பதவிக்காலமும் 2028 தேர்தல் வரை இருக்கிறது. கோபப்படும் வாக்காளர் கையில் இருக்கும் உடனடி வழி ஒன்றுதான். உட்கட்சித் தேர்தலில் தன் தொகுதி வேட்பாளரை மாற்றுவது.

அப்போ யார் சொல்றது சரி?

இந்தச் சண்டையை 'வீரர்கள் எதிர் கோழைகள்' என்று பார்த்தால் விஷயம் பிடிபடாது. இரு தரப்பும் நோயை வெவ்வேறாகக் கணிக்கிறார்கள் என்பதே அடிப்படை.

இது ஒரு மோசமான ஆட்சி, அவ்வளவுதான் என்று நினைத்தால், காத்திருப்பது புத்திசாலித்தனம். ஆளும் கட்சி தவறு செய்யும், மக்கள் கோபப்படுவார்கள், அடுத்த தேர்தலில் திருப்பிக் கொடுப்பார்கள். 2018-ல் அப்படித்தான் நடந்தது. கட்சித் தலைமையின் பெரும்பாலான முடிவுகள் இந்த நம்பிக்கையில் இருந்து வருபவை.

ஆனால் ஆட்டத்தின் விதிகளே மாற்றப்படுகின்றன என்று நினைத்தால், காத்திருப்பது தோல்வி. தொகுதி வரைபடம், நீதித்துறை, ராணுவம், பல்கலைக்கழகம் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்த பிறகு வரும் தேர்தல் பழைய தேர்தலாக இருக்காது என்கிறார்கள் முற்போக்காளர்கள்.

தொண்டர்களை எரிச்சலூட்டுவது இந்த இடம்தான். தேர்தல் மேடையில் 'ஜனநாயகத்துக்கே ஆபத்து' என்று சொன்னது இதே கட்சி. அவைக்குள் போனதும் வழக்கமான ஆட்சி போலவே நடந்துகொள்கிறது. சொன்னது உண்மை என்றால் செயல் ஏன் அப்படி இல்லை? செயல்தான் சரி என்றால், சொன்னது வெறும் பிரசாரமா? இந்தக் கேள்விக்கு ஷூமரோ ஜெஃப்ரிஸோ ஆதரவாளர்கள் ஏற்கும்படி பதில் சொல்லவில்லை.

அதே நேரம், போராடச் சொல்பவர்களும் தாண்டிப் போக முடியாத உண்மை ஒன்று இருக்கிறது. 43 நாள் முடக்கத்தின் விலையைக் கொடுத்தது எந்த செனட்டரும் இல்லை. சம்பளம் நின்ற ஊழியரும், உணவு அட்டையில் பணம் ஏறாத தாயும்தான்.

அடுத்து என்ன?

நவம்பர் ஒப்பந்தப்படி அரசின் பல துறைகளுக்கான நிதி 2026 ஜனவரி 30 வரை மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. அதன்பின் மறுபடி அதே 60 வாக்குக் கணக்கு. அதையடுத்து மாகாண வாரியாக உட்கட்சித் தேர்தல்கள். பழைய முகங்களுக்கு எதிராக நிற்கும் இளைய வேட்பாளர்கள் எத்தனை பேர் தேறுகிறார்கள் என்பதில் கட்சியின் போக்கு தெரியும்.

2026 நவம்பர் 3-ல் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களுக்கும், செனட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமான இடங்களுக்கும் இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபை மட்டும் கைமாறினால்கூட, விசாரணைக் குழுக்களும் நிதி மசோதாவின் தொடக்கமும் ஜனநாயகக் கட்சி கைக்கு வரும். அப்போது 'எங்களிடம் பிடிமானம் இல்லை' என்ற பதில் செல்லாது.

அன்று மார்ச் 4 இரவு தனியாக எழுந்து நின்ற அல் கிரீனுக்குப் பின்னால் எத்தனை பேர் எழுவார்கள் என்பதைத்தான் கட்சியின் ஆதரவாளர்கள் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.